டாக்டர் சுப்பாராவ் சரிதம்

பரீட்சையில் தவறிய மாணவன் பெரும்பணி ஆற்றவல்லனோ என ஐயுறுவார்க்கு விடையாக விளங்குவது எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் பெரியாரின் வாழ்க்கை. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

அன்னார் 1895-ம் வருஷம் ஜனவரி 12-ந் தேதி, அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சார்ந்திருந்த பீமவரத்தில், வறிய குடும்பத்தில் தோன்றினார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தவறி, மூன்றாம் முறை தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயில்கையில், காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை பூண்டு அறுவைக் கூடம் புகுந்தமையால் ஆசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்தை இழந்து, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பெற்றார். அவர்தம் இளமையிலேயே, உடன்பிறந்தார் இருவர் ஸ்ப்ரூ என்னும் குடல்நோயால் சின்னாட்களுக்குள் அடுத்தடுத்து மாண்டனர். அத்துயர் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

பின்னர் அமெரிக்கா சென்று, ஹார்வர்டில் பிஸ்க் என்பாருடன் ஆய்வு புரிந்து, பாஸ்பரஸை அளந்தறியும் முறையை 1925-ல் வெளியிட்டார். 1940-ல் லெடர்லி ஆய்வுக்கூடம் சேர்ந்தார். அவர்தம் குழுவினர் 1945-ல் போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். அஃது ஸ்ப்ரூ நோய்க்கு மருந்தாயிற்று.

உயிரணுக்கள் பெருகுதற்குப் போலிக் அமிலம் இன்றியமையாதது. அதனையொத்த உருவுடைய பொருளொன்று அதன் வினையைத் தடுக்குமன்றோ? அவ்வாறு அக்கூடத்திற் பிறந்தவையே அமினோப்டெரினும், அதன் இனமாகிய மெத்தோட்ரெக்ஸேட்டும். முன்னது குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணித்தமையை 1948-ல் பார்பர் என்னும் மருத்துவர் உலகுக்கு அறிவித்தார்.

உடலைக் காக்கும் வெள்ளணுக்களை அளவில் நிறுத்தும் கட்டுப்பாடும் நம் உடலிலேயே உண்டு. அது தளருங்கால், வேலியே பயிரை மேய்ந்தாற்போல அவை குடற்சுவரையே புண்படுத்தும். குரோன் நோய் இத்தகையது. வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் ஊசி இட்டு, 141 நோயாளரிடை நிகழ்ந்த ஆய்வொன்று 1995-ல் வெளிவந்தது. மருந்து பெற்றாருள் நூற்றுக்கு 39 பேரும், வெற்றூசி பெற்றாருள் 19 பேரும் ஸ்டீராய்டு நீங்கி நலமெய்தினர். இம்மருந்து காப்பாற்றலைக் குறைக்கும். கருவுக்கும் தீங்கு செய்யும். ஆதலின் மருத்துவர் கண்காணிப்பிலேயே தரப்படும். இதன் கேடு தணியப் போலிக் அமிலமும் உடன் அளிப்பர். பூட்டும் திறவுகோலும் ஒரே பட்டறையில் உருவானவை!

இதனைக் காணும் பேறு சுப்பாராவுக்கு வாய்த்திலது. தாய்நாடு திரும்பாமலே, 1948 ஆகஸ்டில், தம் 53-ம் வயதில் மறைந்தார். தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களினின்று வந்து பயிலும் நண்பர்காள்! மதிப்பெண் குறைந்தவிடத்து மனம் குன்றாதீர். இருமுறை தவறிய அம்மாணவரை நினைந்து, மூன்றாம் முறை முயல்வோமாக.