தவணை முடியும் முன்பே மறைந்த பிரதமர்: லால் பகதூர் சாஸ்திரியின் ஃபியட் கார்

புதுதில்லி: தலைநகர் மோதிலால் நேரு மார்க்கில் அமைந்துள்ள லால் பகதூர் சாஸ்திரி நினைவு இல்லத்தில், 1964-ஆம் ஆண்டு மாடல் ஃபியட் கார் ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. டிஎல்இ 6 என்ற பதிவெண் கொண்ட அந்தக் கார் இன்று அரும்பொருள். அன்றோ, நாட்டின் பிரதமர் தம் வீட்டுத் தேவைக்காகக் கடன்பட்டு வாங்கிய சாதாரண வாகனம்.

முகல்சராயில் 1904 அக்டோபர் 2-இல் பிறந்த சாஸ்திரி, இரண்டு வயது நிறையும் முன்பே தந்தையை இழந்து, தாய்வழிப் பாட்டனார் வீட்டில் வளர்ந்தார். காசி வித்யாபீடம் வழங்கிய பட்டமே பின்னாளில் அவரது பெயராக நிலைத்தது. ரயில்வே அமைச்சராக இருந்தபோது, 1956 நவம்பரில் தமிழகத்தின் அரியலூர் அருகே நிகழ்ந்த ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். 1963-இல் காமராஜர் திட்டத்தின்படி உள்துறை அமைச்சர் பதவியையும் துறந்தார். இத்தனை பதவிகளை வகித்தும் அவரிடம் சொந்தமாகக் கார் இல்லை.

1964 ஜூன் 9-இல் அவர் பிரதமரானார். அரசு கார் வாசலில் நின்றாலும், சொந்த வேலைகளுக்கு அதனைப் பயன்படுத்த அவர் விரும்பவில்லை. எனவே, சொந்தமாக ஒரு கார் வாங்குமாறு குடும்பத்தினர் வற்புறுத்தினர். காரின் விலை 12 ஆயிரம் ரூபாய். வங்கிக் கணக்கில் இருந்ததோ 7 ஆயிரம். எஞ்சிய 5 ஆயிரம் ரூபாய்க்குப் பஞ்சாப் நேஷனல் வங்கியில் அவர் கடன் பெற்றார்.

மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலை தயாரித்து வந்த கார் அது. 1,089 சிசி என்ஜின், ஸ்டீயரிங்கை ஒட்டிய கியர் கம்பி என எளிய அமைப்பு கொண்டது. பழுதானால் தெருவோர மெக்கானிக்கே சரிசெய்துவிடுவார். அந்நாளில் கார் வாங்க நினைத்த நடுத்தரக் குடும்பங்களுக்கு அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவற்றை விட்டால் வேறு வழியில்லை. பின்னர் பத்மினி எனப் பெயர் மாறிய இதே வகைக் கார், 2023 அக்டோபர் வரை மும்பைத் தெருக்களில் டாக்சியாக ஓடியது. பழைய கார்களை அன்றாடம் நம்பியிருக்க முடியுமா என்ற ஐயத்துக்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சாஸ்திரிக்கோ அந்தக் காரை நெடுநாள் வைத்திருக்கும் வாய்ப்பு அமையவில்லை. 1965-இல் உணவுப் பற்றாக்குறையும் பாகிஸ்தானுடனான போரும் அவரை ஆட்கொண்டன. 1966 ஜனவரி 10-இல் தாஷ்கண்டில் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட அவர், மறுநாள் அதிகாலையில் அங்கேயே காலமானார்.

கார்க் கடன் அப்போதும் நிலுவையில் இருந்தது. அதனைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்ததாகவும், மனைவி லலிதா சாஸ்திரி ஏற்க மறுத்ததாகவும் கூறப்படுகிறது. தமக்குக் கிடைத்த ஓய்வூதியத்திலிருந்து சிறுகச் சிறுகச் செலுத்தி, கணவர் வாங்கிய கடன் முழுவதையும் அவரே அடைத்தார்.