எந்திரத்தைப் பாடநூலாகக் கொண்டவர்

கேரள எல்லையில் அமைந்துள்ள சிற்றூர் மீனாட்சிபுரம். அவ்வூருக்கு அருகிலுள்ள பெரிய நகரம் பொள்ளாச்சி. 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தைத் தாமே ஓட்டித் தொழில் தொடங்கினார் ஓர் இளைஞர். அவரே பிற்காலத்தில் அறிவியல் மேதை எனப் போற்றப்பெற்ற ஜி. டி. நாயுடு ஆவார்.

கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் அவர் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பில் நாட்டம் செல்லவில்லை. தொடக்க வகுப்புகளோடு அது நின்றுபோயிற்று. தந்தையின் நிலத்தில் உழைத்து வந்தார். ஒருநாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அவ்வூருக்கு வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடும் வண்டியைக் கண்ட சிறுவர் வியந்தார். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்னும் வினா அவர் மனத்தை விட்டு அகலவில்லை.

அவ்வினாவுக்கு விடை காணக் கோவைக்குச் சென்று உணவகம் ஒன்றில் பணியாளராகச் சேர்ந்தார். சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். வாங்கியதை ஓட்டி மகிழ்வதோடு அவர் நிற்கவில்லை. ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றினார், ஆராய்ந்தார், மீண்டும் பூட்டினார். எந்திரமே அவருக்குப் பாடநூலாயிற்று.

அப்பாடநூலில் கடினமான பக்கம் ஒன்று உண்டு. பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலேறி அழுத்துகிறது. அப்போது ஸ்பார்க் பிளக்கில் தோன்றும் மின்பொறி அதனைப் பற்றவைக்கிறது. தீ பரவுவதற்குச் சிறிது நேரம் வேண்டும். ஆகவே, எஞ்சின் ஓடும்போது, பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சற்று முன்னரே பொறி தோன்ற வேண்டும். பொறி பிந்தினால் வண்டி வலுவிழக்கும், எஞ்சின் சூடேறும், எரிபொருள் வீணாகும். மிகவும் முந்தினால் எஞ்சின் இடிக்கும். கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்புபவரின் கையை அது திருப்பி அடித்து, எலும்பையே முறித்துவிடக்கூடும்.

நான்கு சிலிண்டர்கள் கொண்ட எஞ்சினில் மற்றொரு சிக்கலும் உண்டு. அவை வரிசையாக 1, 2, 3, 4 என எரிவதில்லை. பல எஞ்சின்களில் 1, 3, 4, 2 என்பதும், வேறு சிலவற்றில் 1, 2, 4, 3 என்பதும் எரியும் முறையாகும். முதல் சிலிண்டரின் பிஸ்டனை அழுத்த வீச்சின் உச்சிக்குக் கொண்டுவந்து, சக்கரத்திலுள்ள குறியை நேராக்க வேண்டும். மின்தொடர்பு முனைகள் பிரியத் தொடங்கும் கணத்தை அக்குறியோடு பொருத்த வேண்டும். பிறகு டிஸ்ட்ரிபியூட்டரின் உள்ளே சுழலி சுற்றும் திசையிலேயே, எரியும் முறைப்படி கம்பிகளைச் செருக வேண்டும். இரண்டு கம்பிகள் இடம் மாறினாலும் எஞ்சின் இருமும், கார்புரேட்டர் வழியே தீ சீறும், வண்டி நகராது. டீசல் எஞ்சின்கள் பரவும் முன் வயலில் உழுத பழைய டிராக்டர்களுக்கும் சாலையில் ஓடிய பேருந்துகளுக்கும் இவ்விதி பொதுவாக இருந்தது.

இத்தகைய எந்திர நுட்பங்களை நாயுடு ஏட்டில் கற்கவில்லை; கையில் கறைபடியக் கற்றார். ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயத் தொழிலதிபரின் உதவியால் அவருக்குப் பேருந்து கிடைத்தது. நடுவழியில் வண்டி நின்றால் பயணிகளின் நேரமும் உரிமையாளரின் பிழைப்பும் ஒருங்கே நின்றுவிடும். ஓட்டுநரே எந்திரம் அறிந்தவராகவும் இருந்தது அவருக்குப் பெருந்துணையாயிற்று. அந்த ஒரு வண்டி யு.எம்.எஸ். என்னும் நிறுவனமாக வளர்ந்தது. 1930களில் இருநூறுக்கும் மேற்பட்ட பேருந்துகள் அதன் பெயரில் ஓடின.

1937ஆம் ஆண்டில் பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து இந்தியாவிலேயே மின்மோட்டாரை உருவாக்கினார். மின்சார முகச்சவரக் கருவி முதலிய பலவற்றையும் படைத்தார். எனினும் தாம் பெற்ற அறிவு தம்மோடு முடிவதை அவர் விரும்பவில்லை. 1945ஆம் ஆண்டில் கோவையில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றக் காரணமாக இருந்து, அதன் முதல்வராகவும் பொறுப்பேற்றார். பயிற்சி மிகுந்திருந்தால் நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் கற்பிக்கலாம் என்பது அவர் கொள்கை. அரசு அதனை ஏற்கவில்லை. கொள்கையை விட்டுப் பதவியைக் காப்பதா, பதவியை விட்டுக் கொள்கையைக் காப்பதா என்னும் நிலை வந்தபோது அவர் பதவியைத் துறந்தார். அக்கல்லூரி பின்னர் வேறிடம் சென்று அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது. அது முதலில் இருந்த பகுதியைக் கோவை மக்கள் இன்றும் ஹோப் காலேஜ் என்றே அழைக்கின்றனர்.

1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார். பள்ளியை வெறுத்த சிறுவர் கல்லூரி முதல்வரானது விந்தையன்று. கல்வியை அவர் ஒருபோதும் வெறுத்ததில்லை. கைக்கு எட்டாத கல்வியையே வெறுத்தார். கழற்றத் துணிந்த கை, மீண்டும் முறைப்படி பூட்டும் பொறுமையையும் பெற்றிருக்க வேண்டும் என்பதே அவர் வாழ்வு உணர்த்தும் பாடமாகும்.

சொற்பொருள்
நாட்டம் – விருப்பம்
ஒருங்கே – ஒருசேர
விந்தை – வியப்பு
துறந்தார் – விட்டு விலகினார்

சிந்தித்து விடை எழுதுக
1. மின்பொறி பிந்துவதாலும் முந்துவதாலும் விளையும் தீமைகள் யாவை?
2. நாயுடு கல்லூரி முதல்வர் பதவியைத் துறந்தது ஏன்? அம்முடிவு குறித்து உம் கருத்தை எழுதுக.