தொடாமலே கண்ணாடியைப் படிக்கலாம்... திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி.ராமன் காட்டிய வழி!

எடமலைப்பட்டி புதூரில் பஸ் ஏறி, ஜங்ஷன், சத்திரம் தாண்டி காவிரிப் பாலத்தைக் கடந்தால் திருவானைக்காவல். 1888 நவம்பர் 7-ம் தேதி சி.வி.ராமன் பிறந்தது இங்கேதான். ஆனால் அவரை நம்ம ஊரில் வளர்ந்தவர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அப்பாவுக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி வேலை கிடைத்ததால் சின்ன வயதிலேயே குடும்பம் கிளம்பிவிட்டது.

சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்ததும், 1907-ல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரி. வயசு 18 தான்! ஆபீசுக்கு முன்னும் பின்னும் பவுபஜார் தெருவில் இருந்த ஆய்வகத்தில் ஆராய்ச்சி. இப்படியே 10 வருஷம். 1917-ல் அந்த நல்ல சம்பளத்தை உதறிவிட்டு, குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியர் ஆனார். இன்றைக்கு நம்மில் எத்தனை பேர் செய்வோம்?

1928 பிப்ரவரி. சூரிய ஒளியை ஊதா நிறக் கண்ணாடி வழியாகத் திரவத்துக்குள் அனுப்பினார்கள். வெளியே வரும் ஒளியை, அந்த ஊதாவை முழுசாகத் தடுக்கும் இன்னொரு கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். எதுவும் தெரியக்கூடாது. ஆனால் மங்கலாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. ஒளியின் நிறம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். மூலக்கூறுகளின் அதிர்வுதான் காரணம். எவ்வளவு மாறியது என்று அளந்தால், உள்ளே இருக்கும் பொருள் எது என்று சொல்லிவிடலாம்.

பல நாள் அந்தச் சோதனைகளைச் செய்தவர் வத்திராயிருப்புக்காரரான கே.எஸ்.கிருஷ்ணன். 1930 நோபல் பரிசு ராமனுக்கு மட்டும். அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

பிறகு பெங்களூரு. அங்கே வைரம், படிகங்கள், காலத்தால் சிதைந்து வானவில் நிறம் காட்டும் பழங்காலக் கண்ணாடி என்று அவர் ஆய்வு விரிந்தது. 1970 நவம்பர் 21-ல் காலமானார்.

இன்றைய கண்ணாடிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

சில கலவைகளை உருக்கிக் கண்ணாடி ஆக்குவது கஷ்டம். பாத்திரத்தின் சுவரில் பட்டால் போதும், அங்கிருந்தே படிகமாக உறைய ஆரம்பித்துவிடும். அதனால் கீழிருந்து வாயுவை ஊதி, சின்ன உருண்டையாக அந்தரத்தில் மிதக்கவிட்டு, லேசரால் உருக்கிக் குளிரவைக்கிறார்கள். கிடைத்த கண்ணாடியின் உள்ளே அணுக்கள் எப்படிக் கோர்த்திருக்கின்றன என்று தெரிய வேண்டுமா? ஒரு லேசர் ஒளியை அடித்து, திரும்பி வரும் ஒளியின் நிறமாற்றத்தை அளக்கிறார்கள். அந்த முறைக்குப் பெயரே ராமன் நிறமாலையியல்.