தடையை அளந்த ஆசிரியர்

பள்ளியில் இயற்பியல் பயின்ற எவரும் மறவாத விதி ஒன்றுண்டு. வெப்பநிலை மாறாதிருக்குங்கால், ஓர் உலோகக் கம்பியில் பாயும் மின்னோட்டம் அதன் இரு முனைகளுக்கும் இடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பதே அவ்விதி. சிறுவர்கள் அதனை ஒரு மாலைப் பொழுதில் மனனம் செய்து, மறுநாள் வகுப்பில் கணக்கும் போட்டு விடுகின்றனர். அத்துணை எளிமையானது அது. ஆயின் அதனைக் கண்டு சொன்னவர், அதன்பொருட்டுத் தம் பணியைத் துறந்தார். வாழ்வின் நடுப்பகுதியைப் புறக்கணிப்பில் கழித்தார். அவர் நெடுங்காலம் நாடியிருந்த பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி கிட்டியபோது அவருக்கு அகவை அறுபத்து மூன்று. ஜார்ஜ் சைமன் ஓம் என்பது அவர் பெயர்.

ஜெர்மானிய நாட்டின் எர்லாங்கன் நகரில் 1789ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை யோகான் வொல்ஃப்காங் ஓம் பூட்டுச் செய்யும் தொழிலாளி. தாய் ஒரு தையற்காரரின் மகள். எழுவராய்ப் பிறந்த மக்களுள் மூவரே உயிர் தங்கினர். ஓமுக்குப் பத்து வயதானபோது தாயும் மறைந்தார். தந்தையோ முறையான கல்வி பெறாதவர். எனினும் பட்டறை வேலைக்கிடையே தாமே முயன்று கணிதமும் தத்துவமும் பயின்றவர். தாம் கற்றதைத் தம் மைந்தர் இருவருக்கும் அவரே கற்பித்தார். எர்லாங்கன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் லாங்ஸ்டார்ஃப் இளைஞன் ஓமைச் சோதித்துப் பார்த்து வியந்தார். புகழ்பெற்ற பெர்னூலி உடன்பிறப்பாளரைப் போல் இப்பூட்டுத் தொழிலாளியின் மக்களும் விளங்குவர் எனக் கருதினார். இளையவர் மார்ட்டின் ஓம் பின்னாளில் பெர்லினில் கணிதப் பேராசிரியராகவே அமர்ந்தார்.

மூத்தவரின் பாதை அவ்வளவு நேரியதாக இல்லை. 1805இல் பல்கலைக்கழகத்துள் நுழைந்த ஓம், நடனத்திலும் பனிச்சறுக்கிலும் பில்லியர்டு ஆட்டத்திலும் பொழுதைப் போக்கினார். தாம் பெறாத கல்வியைத் தம் மகன் வீணாக்குவது கண்டு தந்தை பொறாதவரானார். மூன்று அரையாண்டுப் பருவங்களோடு படிப்பை நிறுத்தி, மகனைச் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பினார். பதினேழு வயதில் ஓம் அங்கே ஒரு பள்ளியில் கணித ஆசிரியரானார். விளையாட்டுப் பிள்ளை அங்குதான் மாணவனானான். ஆய்லர், லாப்லாஸ் போன்ற பேரறிஞரின் நூல்களைத் தாமே கற்றார். 1811இல் எர்லாங்கன் திரும்பி, அவ்வாண்டே முனைவர் பட்டமும் பெற்றார்.

பட்டம் பெற்றும் நல்ல பதவி கிட்டவில்லை. சில பருவங்கள் பல்கலைக்கழகத்தில் சொற்ப ஊதியத்துக்குக் கற்பித்தார். 1813இல் பாம்பர்க் நகரின் சிறு பள்ளி ஒன்றில் சேர்ந்தார். அந்த மனக்குறையோடு வடிவியல் கற்பிக்கும் முறை குறித்து ஒரு நூல் எழுதி வெளியிட்டார். அதன் படியொன்றைப் பிரஷ்ய மன்னருக்கும் அனுப்பி வைத்தார். அந்நூல் அவருக்கு வழி திறந்தது. 1817இல் கொலோன் நகரில், முன்னர் இயேசு சபையார் நடத்தி வந்த உயர்நிலைப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் கணித உலகம் போற்றிய டிரிக்லே அங்கு அவரிடம் பயின்ற மாணவருள் ஒருவர்.

அப்பள்ளியில் நல்லதோர் ஆய்வகம் இருந்தது. 1820இல் டென்மார்க்கு அறிஞர் ஓர்ஸ்டெட், மின்னோட்டம் செல்லும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டறிந்தார். அதுவரை மின்னோட்டத்தை உணர உடலில் ஏற்படும் அதிர்ச்சியையும், நீரில் எழும் குமிழியையும் போன்ற அடையாளங்களையே நம்ப வேண்டியிருந்தது. இனி ஊசியின் திருப்பத்தைக் கொண்டு ஓட்டத்தின் வன்மையை அளக்கலாம் என்ற நிலை வந்தது. ஓம் இவ்வாய்ப்பைப் பற்றிக்கொண்டார். கம்பியின் நீளம் மிகமிக மின்னோட்டம் குறைகிறது. எந்தக் கணக்கின்படி குறைகிறது என்பதே அவர் எழுப்பிய வினா.

முதல் விடை பிழையாயிற்று. வோல்டாவின் வழிவந்த மின்கலங்கள் அக்காலத்தில் நிலையற்றவை. கம்பியை இணைத்த மாத்திரத்தில் அவற்றின் வன்மை தளரும். இணைப்பை நீக்கினால் மெல்ல மீளும். இணைக்கும் கணத்தில் ஊசி ஒரு நிலை காட்டும். சிறிது நேரங் கழித்து வேறொரு நிலை காட்டும். அத்தகைய மின்கலத்தை வைத்து அளந்த ஓம், மடக்கையை உள்ளடக்கிய ஒரு வாய்பாட்டை 1825இல் அச்சேற்றினார். அது இயற்கையின் விதி அன்று என்பது பின்னர் அவருக்கே புலனாயிற்று. பல்கலைக்கழகப் பதவியை நாடி நின்ற ஒரு பள்ளியாசிரியருக்கு, அச்சேறிய பிழையைத் தாமே திருத்துவது எளிதன்று. எனினும் அவர் முதலிலிருந்து தொடங்கினார்.

இயற்பியல் இதழ் ஒன்றின் ஆசிரியராக விளங்கிய போகன்டார்ஃப் அவருக்கு ஒரு வழி கூறினார். இரு வேறு உலோகங்களைச் சேர்த்து, ஒரு சந்தியைச் சூடாகவும் மறு சந்தியைக் குளிராகவும் வைத்தால் மின்னோட்டம் எழும் என்பதைச் சீபெக் முன்னரே கண்டிருந்தார். அந்த வெப்ப மின்னிரட்டையை மூலமாகக் கொள்ளலாம் என்பதே அவ்வழி. ஓம் ஒரு பிஸ்மத் தண்டின் இரு முனைகளிலும் செம்புப் பட்டைகளைப் பொருத்தினார். ஒரு முனையைக் கொதிக்கும் நீரின் வெப்பத்திலும், மறு முனையைப் பனிக்கட்டியின் குளிரிலும் நிறுத்தினார். நீர் கொதிக்கும் வெப்பமும் பனி உருகும் வெப்பமும் மாறாதவை. ஆதலின் மூலத்தின் வன்மையும் மாறாது நின்றது. மேலே மெல்லிய உலோக நாடாவில் காந்த ஊசி தொங்கியது. திரும்பிய ஊசியைப் பழைய நிலைக்குக் கொணர நாடாவை எவ்வளவு முறுக்க வேண்டுமோ, அம்முறுக்கமே மின்னோட்டத்தின் அளவாயிற்று. தந்தையின் பட்டறையில் பழகிய கைத்திறன் இக்கருவியை அமைப்பதில் அவருக்குத் துணைநின்றது.

1826ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அளவைகள் நடந்தன. ஒரே பருமனுள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை அவர் எடுத்துக்கொண்டார். மிகக் குறுகியது 2 அங்குலம். மிக நீண்டது 130 அங்குலம். முதல் வரிசை அளவையில் குறுங்கம்பிக்கு 326¾ பிரிவுகளும், நெடுங்கம்பிக்கு 48½ பிரிவுகளும் முறுக்கம் வேண்டியிருந்தது. கம்பியின் நீளம் அறுபத்தைந்து மடங்கு பெருகியும் மின்னோட்டம் ஏழில் ஒரு பங்களவாகவே குறைந்ததேன்? கம்பியை மட்டும் நோக்கினால் இதற்கு விடையில்லை. மின்னோட்டம் கம்பியினூடே மட்டும் செல்வதன்று. மூலத்தினூடேயும் சுற்றி வருகிறது. அம்மூலமும் தன் பங்குக்குத் தடுக்கிறது. அத்தடை அதே செம்புக் கம்பியின் 20¼ அங்குலத்துக்கு ஒப்பானது என்று கொண்டு, ஒவ்வொரு நீளத்தோடும் அதனைக் கூட்டினார் ஓம். 2 அங்குலம் 22¼ ஆயிற்று. 130 அங்குலம் 150¼ ஆயிற்று. இவ்விரண்டின் விகிதமும் முறுக்கங்களின் விகிதமும் ஏறத்தாழ ஒன்றாக நின்றன. இடைப்பட்ட கம்பிகளும் அக்கணக்குக்கு அடங்கின. மூலத்தின் இயக்கும் வன்மையை மொத்தத் தடையால் வகுத்தால் கிடைப்பதே மின்னோட்டம் என்னும் விதி இவ்வாறு பிறந்தது.

அளவையோடு அவர் அமைதியடையவில்லை. காரணமும் வேண்டினார். அரை ஊதியத்தில் ஓராண்டு விடுப்புப் பெற்றுப் பெர்லினில் தம்பியின் ஊருக்குச் சென்றார். பிரெஞ்சுக் கணிதப் பேரறிஞர் ஃபூரியர், வெப்பம் பரவுவதைக் கணிதத்தில் வடித்து 1822இல் நூல் வெளியிட்டிருந்தார். ஒரு தண்டின் இரு இடங்களில் வெப்பநிலை வேறுபட்டால், அவ்வேறுபாட்டுக்கு ஏற்ப வெப்பம் ஒரு துகளிலிருந்து அடுத்த துகளுக்குப் பாயும். மின்னும் இவ்வாறே அண்டைத் துகளுக்கு அண்டைத் துகளாகப் பாய்கிறது என ஓம் கொண்டார். வெப்பநிலையின் இடத்தில், மின்காட்டியால் அளந்தறியக்கூடிய ஒரு மின்னிலையை அவர் வைத்தார். சீரான கம்பி நெடுகிலும் அந்நிலை படிப்படியாகச் சீராகத் தாழ்ந்து செல்லும் என்றும் கணித்தார். அந்நிலையை மின்னூட்டத்தின் அடர்த்தி என்று அவர் எண்ணியது முழுதும் சரியன்று. நிலைமின்னியலில் மின்னழுத்தம் எனப்படுவதே அது எனக் கிர்க்காஃப் 1849இல் தெளிவாக்கினார். எனினும், நிலையாய் நிற்கும் மின்னையும் ஓடும் மின்னையும் ஒரே நூலில் கோக்கும் முயற்சியில் ஓம் முன்னின்றார். மின்சுற்றைக் கணித முறையில் ஆராயும் அவரது நூல் 1827இல் பெர்லினில் வெளிவந்தது.

அந்நூல் தமக்குப் பல்கலைக்கழகக் கதவைத் திறக்கும் என அவர் நம்பியிருந்தார். கதவு திறக்கவில்லை. இயற்கையைக் கணிதச் சமன்பாடுகளில் அடக்குவதை அன்றைய ஜெர்மானிய அறிஞர் பலர் விரும்பவில்லை. பெர்லினில் அப்போது தத்துவச் சிந்தனை ஓங்கியிருந்தது. உய்த்துணர்வால் இயற்கையின் உட்பொருளைக் காணலாம் என்பது அச்சிந்தனையாளர் பலரின் துணிபு. போல் என்னும் பேராசிரியர் ஓமின் நூலைக் கடுமையாகச் சாடினார். கணிதம் அறிந்தோருக்கு ஆய்வில் நாட்டமில்லை. ஆய்வு செய்தோருக்கு அந்தக் கணிதம் எட்டவில்லை. இருசாராராலும் கைவிடப்பட்ட ஓம், மனம் நொந்து 1828 மார்ச்சில் கொலோன் பணியைத் துறந்தார். பெர்லினில் ஒரு படைத்துறைப் பள்ளியில் வாரத்துக்குச் சில மணி நேரம் கணிதம் கற்பித்து ஐந்தாண்டுகள் கழித்தார். நாற்பது வயதை எட்டும் நேரத்தில், விதியைக் கண்ட கை மீண்டும் கரும்பலகைக் கணக்குக்கே திரும்பியது. 1833இல் நூரம்பர்க் தொழிற்கல்வி நிலையத்தில் பேராசிரியர் என்ற பட்டம் கிடைத்தது. அதுவும் பல்கலைக்கழகம் அன்று.

ஆனால் அவ்விதி தன் வழியே சென்றுகொண்டிருந்தது. லைப்சிக்கில் ஃபெக்னர் அதனைப் பல அளவைகளால் உறுதிசெய்து 1831இல் நூல் எழுதினார். பாரிசில் பூய்யே அதே முடிவைத் தம் வழியில் எட்டினார். மின்தந்தி பிறந்தபோது, நெடுந்தொலைவுக் கம்பியில் எவ்வளவு மின்னோட்டம் சேரும் என்று கணக்கிட வேண்டிய தேவை எழுந்தது. உய்த்துணர்வு அங்கே உதவவில்லை; ஓமின் விதி உதவியது. 1841இல் இலண்டன் இராயல் சங்கம் தன் உயரிய விருதான காப்ளி பதக்கத்தை அவருக்கு அளித்தது. அவரது நூலும் அவ்வாண்டே ஆங்கிலத்தில் வந்தது. தந்தித் துறை முன்னோடியான வீட்ஸ்டன் 1843இல் ஓமின் விதியை ஆங்கில அறிஞருக்கு விரித்துரைத்தார். தாய்நாடு ஈயாத சிறப்பை அயல்நாடு ஈந்த பின்னரே, பவேரிய அறிவியற் கழகம் 1845இல் அவரை முழு உறுப்பினராக ஏற்றது.

1849இல் மியூனிக் நகருக்கு அழைக்கப்பட்டார். 1852இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியரானார். பொருளின் நுண்கூறுகளைப் பற்றிய பெருநூல் ஒன்றைத் தொடங்கி, முதற்பகுதியோடு நிறுத்த நேர்ந்தது. மணம் புரியாது தனியே வாழ்ந்த அவர், 1854ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6ஆம் நாள் மறைந்தார். வாழ்நாளெல்லாம் ஏங்கிய பதவியில் அவர் இருந்தது ஏறத்தாழ ஈராண்டே.

பின்னர் ஓர் உண்மை வெளிப்பட்டது. ஆங்கிலச் செல்வர் ஹென்றி காவண்டிஷ், தம் உடலையே அளவுகருவியாக்கி, அதிர்ச்சியின் வன்மையை ஒப்பிட்டு, இதே விகிதத்தை 1781ஆம் ஆண்டளவிலேயே உணர்ந்திருந்தார். ஆனால் அதனை வெளியிடாது தம் குறிப்பேட்டில் வைத்துவிட்டார். மேக்ஸ்வெல் அக்குறிப்புகளை 1879இல் அச்சிட்டபோதே உலகம் அறிந்தது. செல்வருக்கு அவ்விதி ஒரு மாலைநேர ஆய்வு. பூட்டுத் தொழிலாளியின் மகனுக்கோ அது வாழ்வையே பணயமாக வைத்து ஊரறியச் சொன்ன சொல். உலகுக்குப் பயன்பட்டது, சொல்லப்பட்ட விதியே.

1881இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மாநாடு மின்தடையின் அலகுக்கு ஓம் என்று பெயரிட்டது. வோல்டா, ஆம்பியர் ஆகியோரின் பெயர்களும் அவ்வாறே அலகுகளாயின. 2019 முதல் அந்த அலகு இயற்கையின் மாறிலிகளை அடிப்படையாகக் கொண்டு துல்லியமாக வரையறுக்கப்பட்டுள்ளது. அவர் பிஸ்மத்தும் பனிக்கட்டியும் கொண்டு தேடியதும் அத்தகைய அசையாத நிலைக்களனையே. மின்விளக்கின் அடியில் அமர்ந்து அவ்விதியை மனனம் செய்யும் சிறுவனுக்கு இக்கதை தெரியாமலிருக்கலாம். அவ்விளக்கின் இழையில் எவ்வளவு மின் பாய வேண்டும் எனக் கணக்கிட்டவர் எவராயினும், கொலோன் பள்ளியாசிரியர் 1826ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அளந்து தந்த கணக்கைத்தான் போட்டிருப்பார்.