ஆடலைப் படமாக்கிய உதயசங்கர்

சங்கரன்கோவில் திருக்கோயிலில் சிவனும் திருமாலும் ஓருருவாய் விளங்கும் சங்கரநாராயணர் திருமேனியைக் கண்டு மகிழாதார் இலர். அதனை வடித்த சிற்பி மறைந்து நூற்றாண்டுகள் பல ஆயின. அவன் கலையோ இன்றும் நிலைத்து நிற்கின்றது. ஆடற்கலைக்கு அந்நிலை எளிதில் வாய்ப்பதில்லை. ஆடுவோர் அரங்கை விட்டு நீங்கியவுடன் ஆடலும் அவரோடு மறைந்து விடும். மறையும் அக்கலையைத் திரைப்படத்தின் துணைகொண்டு நிலைபெறச் செய்ய முயன்ற பெருங்கலைஞர் உதயசங்கர் ஆவார்.

இளமையும் கல்வியும்

உதயசங்கர் 1900-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 8-ஆம் நாள், இராசபுதனத்து உதயபூரில், வங்காளக் குடும்பமொன்றில் பிறந்தார். பம்பாயிலும், பின்னர் இலண்டன் மாநகரிலும் ஓவியம் பயின்றார். அங்கே உருசிய நாட்டு ஆடலரசியான அன்னா பாவ்லோவா அவருடைய ஆடல் திறத்தைக் கண்டு வியந்தார். 1923-ஆம் ஆண்டில் அவ்வம்மையார் இராதையாக ஆட, உதயசங்கர் கண்ணனாக ஆடினார். தூரிகை பிடித்த கை அபிநயம் பிடிக்கலாயிற்று.

பின்னர் அவர் தாய்நாடு போந்து, சிற்பங்களையும் பல்வகை ஆடல்களையும் ஊர்தோறும் சென்று கண்டு கற்றார். 1931-ஆம் ஆண்டு முதல் தம் குழுவினருடன் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆடி, இந்தியக் கலையின் பெருமையை அந்நாட்டார் உணருமாறு செய்தார்.

கலைநிலையம்

புகழால் அவர் மனம் நிறைவு பெறவில்லை. நம் நாட்டு ஆடல்கள் அனைத்தையும் ஒருங்கே கற்பிக்க விழைந்த அவர், இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் கலைநிலையம் ஒன்றை நிறுவினார். பாலசரசுவதியாரின் ஆசிரியரான கந்தப்ப பிள்ளை அங்குப் பரதநாட்டியம் கற்பித்தார். சங்கரன் நம்பூதிரி கதகளி கற்பித்தார். அலாவுதீன் கான் இசை பயிற்றினார். ஆயினும், இரண்டாம் உலகப்போர் நிகழ்ந்த காலத்தில் பொருள் முடை மிகுந்தமையால் அந்நிலையம் மூடப்பட்டது. ஆசிரியரும் மாணவரும் பிரிந்து சென்றனர்.

சென்னையில் எடுத்த படம்

கலைநிலையம் அழிந்தாலும் அதன் கலை அழிதல் கூடாது என்று எண்ணிய உதயசங்கர், திரைப்படத்தை நாடிச் சென்னைக்கு வந்தார். தமிழ் அவருடைய தாய்மொழி அன்று. திரைப்படத் தொழிலும் அவருக்குப் புதிது. எனினும் ஜெமினி படப்பிடிப்பு நிலையத்தில் ‘கல்பனா’ என்னும் இந்திப் படத்தைத் தொடங்கினார். தாமே தயாரித்து, இயக்கி, கதைத்தலைவராகவும் நடித்தார். அவர்தம் துணைவியார் அமலா கதைத்தலைவியாக ஆடினார். கே. இராம்நாத் ஒளிப்பதிவு செய்தார். பிற்காலத்தில் புகழ்பெற்ற பத்மினி முதன்முதல் திரையில் தோன்றியது இப்படத்திலேயே ஆகும்.

இமயச் சாரலில் கலைநிலையம் அமைக்கக் கனவு காணும் இளைஞனின் கதை அது. 80-க்கு மேற்பட்ட ஆடற்பகுதிகள் அதில் இடம்பெற்றன. அரங்கில் அமர்ந்து காண்பவன் ஓரிடத்திலிருந்தே ஆடலைக் காண்கின்றான். படக்கருவியோ கண்ணின் குறிப்பை அண்மையிலும், குழுவின் அணியைச் சேய்மையிலும் காட்ட வல்லது. இவ்வேறுபாட்டை நன்குணர்ந்த உதயசங்கர், படக்கருவிக்கு ஏற்றவாறே ஆடல்களை அமைத்தார். தொழிலாளர் எந்திரங்களின் உறுப்புகளே போல் அசையும் ஆடல் அவற்றுள் சிறந்தது.

1948-ஆம் ஆண்டில் படம் வெளிவந்தது. அறிஞர் பாராட்டினர், எனினும் பொதுமக்கள் திரளாக வந்து காணவில்லை. போட்ட பொருள் திரும்பவில்லை. அல்மோராக் கலைநிலையமும் மீண்டும் எழவில்லை.

பிற்காலம்

தோல்வி கண்டு அவர் துவண்டாரல்லர். ஏறத்தாழ எழுபது வயதில், கல்கத்தாவில், ‘சங்கர்ஸ்கோப்’ என்னும் புதுமை நிகழ்ச்சியை அமைத்தார். அதில் திரையில் தோன்றிய உருவங்கள் திரையினின்று இறங்கி மேடைக்கு வந்து ஆடுவனபோல் காட்சியளித்தன. 1971-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மவிபூஷண் விருது அளிக்கப்பெற்றது. 1977-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் அவர் கல்கத்தாவில் மறைந்தார்.

காலம் அளித்த பரிசு

ஆண்டுகள் செல்லச் செல்ல அப்படச்சுருளும் பழுதுற்றது. அறிஞர் சிலர் முயன்று அதனைச் செப்பனிட்டனர். 2012-ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டுக் கான் நகரத் திரைப்பட விழாவில் ‘கல்பனா’ மீண்டும் ஒளிர்ந்தது. தொண்ணூறு வயதைக் கடந்த அமலா அம்மையார், தாம் இளமையில் ஆடிய ஆடலை அவ்விழாவிற் கண்டார். அவருடன் ஆடியவர் மறைந்து ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்தம் ஆடலோ திரையில் இளமை குன்றாது விளங்கிற்று.

விதைத்தவர் காணாத விளைவைப் பின்வந்தோர் கண்டனர். உடனே பயன் தராத உழைப்பெல்லாம் வீணென்று கருதுதல் தகாது என்பதை உதயசங்கரின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.