பத்தாவிலிருந்து ஒரு நேர்கோடு

ரியாத் மெட்ரோவின் நீல நிறத் தடத்தில் பத்தாவில் ஏறி உட்கார்ந்தால், ரயில் கிட்டத்தட்ட நேராக வடக்கே போகும். ஒலையா வரும், ஃபைசலியா கோபுரம் வரும், கிங்டம் சென்டர் வரும். 2024 டிசம்பரில் இந்தத் தடம் திறந்தபோது நம்மாளுங்க பலர் சும்மாவே போய் ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வந்தாங்க. இந்த நகரம் ஏன் இப்படி ஒரே திசையில், ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி நீண்டு கிடக்கிறது? இந்தக் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி ரியாத்தில் இல்லை. கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில், பெனாகி அருங்காட்சியகத்தின் ஆவணக் காப்பகத்தில், பெட்டி பெட்டியாக இருக்கிறது. அத்தனையும் ஒரே மனிதர் சேர்த்து வைத்த காகிதங்கள். அவர் பெயர் கான்ஸ்டன்டினோஸ் டாக்சியாடிஸ். இறந்து 50 வருஷம் ஆகிவிட்டது.

கட்டடக்கலை படிப்பவர்களுக்கு அவர் பெயர் நன்றாகத் தெரியும். பத்தாவில் 20, 30 வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய நம்மவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள்? ஆனால் அவருடைய வாழ்க்கைக்கும் நம் வாழ்க்கைக்கும் நிறைய ஒற்றுமை உண்டு. அவரும் ஊர் விட்டு ஊர் போனவர்தான்.

1913-இல் இன்றைய பல்கேரியாவில் இருக்கும் ஸ்டெனிமாகோஸ் என்ற ஊரில் ஒரு கிரேக்கக் குடும்பத்தில் பிறந்தார். முதல் உலகப் போர் காலத்தில் குடும்பம் கிளம்பி கிரேக்கத்துக்கு வந்துவிட்டது. அப்பா அப்போஸ்டோலோஸ் குழந்தை மருத்துவர். 1922-இல் ஆசியா மைனரிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்கர்கள் அகதிகளாக வந்து இறங்கியபோது, அவர்களுக்கு உதவும் அரசுப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. ஆக, வீடு இல்லாத மனுஷன் எப்படி இருப்பான், ஒரே ராத்திரியில் ஆயிரக்கணக்கான பேருக்குக் கூரை போட வேண்டுமானால் எவ்வளவு கஷ்டம் என்பதெல்லாம் அந்தப் பையன் வீட்டுக்குள்ளேயே பார்த்து வளர்ந்தான்.

1935-இல் ஏதென்ஸில் கட்டடப் பொறியியல் பட்டம். அடுத்த வருஷமே பெர்லினில் டாக்டர் பட்டம். திரும்பி வந்ததும், இருபத்தைந்து வயதுக்குள்ளேயே ஏதென்ஸ் பெருநகரத் திட்டப் பிரிவின் தலைமைப் பொறுப்பு. பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. நாஜிகள் கிரேக்கத்தைப் பிடித்தார்கள். அவர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஹெஃபைஸ்டோஸ் என்ற தலைமறைவுக் குழுவை நடத்தினார்.

அவருடைய வாழ்க்கையின் மையம் அந்தப் போர்க்காலத்தில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். எந்த ஊரில் எத்தனை வீடு எரிந்தது, எந்தப் பாலம் உடைந்தது, எந்தக் கிராமம் காலியானது என்று அவரும் கூட்டாளிகளும் ஊர் ஊராகக் கணக்கெடுத்து வைத்தார்கள். மாட்டினால் உயிர் போகும் வேலை. போர் முடிந்ததும் அந்தக் கணக்குகள் வரைபடங்களாக, புத்தகங்களாக, கண்காட்சியாக உலகத்தின் முன் வந்தன. எங்கள் நாட்டை மறுபடி கட்டப் பணம் வேண்டும் என்று கேட்கப் போனவர் கையில் கண்ணீர் மட்டும் இருக்கவில்லை, ஆதாரமும் இருந்தது. எழுதி வைத்தவனுக்குத்தான் நாளைக்குப் பேச இடம் கிடைக்கும் என்பதை அவர் அங்கே கற்றுக்கொண்டார்.

அமெரிக்காவின் மார்ஷல் திட்டப் பணம் கிரேக்கத்துக்கு வந்தபோது மீட்புப் பணிகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பில் இருந்தவர் அவர்தான். ஆனால் அரசியல் மாறியது. பதவி போனது, உடம்பும் கெட்டது. 1951-இல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிவிட்டார். ஒரு நாட்டின் புனரமைப்பையே நடத்திய மனுஷன் அங்கே தக்காளி பயிரிட்டார். இங்கே டிகிரி முடித்துவிட்டு சூப்பர் மார்க்கெட்டில் ஷெல்ஃப் அடுக்கிய நம்ம பசங்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. இரண்டு வருஷம் கழித்து ஏதென்ஸ் திரும்பி, ஒரு சின்ன குழுவோடு தன் நிறுவனத்தை வேகமாக வளர்த்தெடுத்தார்.

1954 தொடக்கத்தில் புது டெல்லியில் வீட்டுவசதி பற்றி ஐ.நா. நடத்திய கருத்தரங்குக்கு வந்தார். அங்கே பழக்கமான ஜாக்குலின் டிர்விட் என்ற பெண் திட்டவியலாளர்தான் பின்னால் அவருடைய எகிஸ்டிக்ஸ் இதழின் ஆசிரியர் ஆனார். எகிஸ்டிக்ஸ் என்பது அவர் வைத்த பெயர். மனிதக் குடியிருப்புகளைப் பற்றிய அறிவியல் என்று அர்த்தம். ஒரு குடிசையிலிருந்து உலகம் முழுக்கப் பரவும் ஒரே பெருநகரம் வரைக்கும் எல்லாவற்றையும் ஒரே முறையில் ஆராய முடியும் என்று நம்பினார்.

போகிற நாட்டிலெல்லாம் அவருக்கு ஒரு பழக்கம். தெரு, சந்தை, வீட்டு முற்றம், கிணறு என எல்லாவற்றையும் போட்டோ எடுப்பார். நாட்குறிப்பு எழுதுவார். அந்தக் குறிப்புகளை டைப் அடித்து, நாட்டுக்கு ஒரு குறியீடு கொடுத்து அலுவலகத்தில் கோப்பாக வைத்துவிடுவார்கள். பாகிஸ்தானுக்கு ஒரு வரிசை, ஈராக்குக்கு ஒரு வரிசை, சவுதிக்கு ஒரு வரிசை. ஏதென்ஸில் இன்று இருக்கும் காப்பகம் அவர் இறந்த பிறகு யாரோ தேடிச் சேர்த்தது இல்லை. அவர் உயிரோடு இருக்கும்போதே தினம் தினம் வளர்ந்தது.

பாக்தாத்தில் 1955 முதல் ஈராக் அரசுக்காக வீட்டுத் திட்டம் போட்டார். 1958 புரட்சிக்குப் பிறகு அந்த வேலை நின்றது. ஆனால் அவர் அலுவலகம் போட்ட சதுரங்கள்தான் பின்னால் ஏழைகளின் பெரிய குடியிருப்பாக வளர்ந்தன. இன்று சதர் சிட்டி என்று செய்தியில் கேட்கிறோமே, அதுதான். அடுத்து பாகிஸ்தானின் புதுத் தலைநகர் இஸ்லாமாபாத். 1960-இல் திட்டம் தயார். இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் சதுரங்கள், ஒவ்வொன்றுக்கும் தனிச் சந்தை, பள்ளி, மசூதி. நகரம் நாலா பக்கமும் வீங்கக் கூடாது, மையத்தோடு சேர்ந்து ஒரே திசையில் வளர வேண்டும் என்பது அவர் கொள்கை.

அதே கொள்கையோடு 1968-இல் ரியாத்துக்கு வந்தார். அப்போது மன்னர் ஃபைசல் ஆட்சி. மக்கள்தொகை சுமார் 3 லட்சம். ஊரைச் சுற்றியிருந்த மண் மதிலை இடித்து இருபது வருஷம்கூட ஆகவில்லை. பத்தா என்பதே அந்தப் பழைய ஊருக்குக் கிழக்கே ஓடிய வாதி அல் பத்தா என்ற காட்டாற்றின் பெயர். மழை பெய்தால்தான் தண்ணீர். அந்த ஓடையின் மேலேயே பத்தா தெரு வந்தது. இன்றைக்கும் பெருமழை வந்தால் பத்தா ஏன் குளமாகிறது என்று புரிகிறதா? தெரு மறந்துபோன ஆற்றைத் தண்ணீர் மறக்கவில்லை.

டாக்சியாடிஸ் ஆட்கள் முதலில் செய்தது வழக்கம்போல கணக்கெடுப்பு. இருக்கும் ஊர் எப்படி இருக்கிறது என்று தனி அறிக்கையே போட்டார்கள். பிறகு கோடு போட்டார்கள். பழைய ஊரிலிருந்து வடக்கு நோக்கி ஒரு முதுகெலும்பு. அதன் ஓரமாகக் கடைகள், அலுவலகங்கள். இரு பக்கமும் இரண்டு கிலோமீட்டர் சதுரங்கள். சதுரத்துக்குள் வீடுகள், நடுவில் பள்ளி, மசூதி. 1973-இல் அரசு ஒப்புதல் கொடுத்தது. ஒலையா தெருவும் கிங் ஃபஹத் சாலையும் இன்று ஓடுவது அந்த முதுகெலும்பு மேல்தான்.

அதே 1973-இல் எண்ணெய் விலை எகிறியது. 2000-ஆம் ஆண்டில் 14 லட்சம் பேர் இருப்பார்கள் என்று திட்டம் கணக்குப் போட்டிருந்தது. ஊர் அதைவிட ரொம்ப வேகமாகப் போனது. சில வருஷத்துக்குள்ளேயே ஸெட் என்ற பிரெஞ்சு நிறுவனத்தைக் கூப்பிட்டுத் திட்டத்தைத் திருத்த வேண்டியதாகிவிட்டது. 2022 கணக்கெடுப்பில் ரியாத் 70 லட்சத்தைத் தொட்டது.

கணக்கு மட்டுமல்ல, வேறு சிலதும் இடித்தது. நடுவில் வீடு, நாலு பக்கமும் இடம் விட வேண்டும் என்ற வில்லா விதி மலஸ் பகுதியில் ஏற்கெனவே வந்திருந்தது. புதுச் சதுரங்களில் அதுவே ஊர் முழுக்கப் பரவியது. பழைய மண் வீட்டில் முற்றம் உள்ளே இருக்கும், வெளியாள் பார்வை படாது. வில்லாவிலோ பக்கத்து வீட்டு ஜன்னல் நேராக நம் வீட்டைப் பார்க்கும். ஜனங்கள் மதிலுக்கு மேல் தகரம் வைத்து உயர்த்திக்கொண்டார்கள். அந்தத் தகரத்தை நாமும் பார்த்திருக்கிறோம். சாலிஹ் அல் ஹத்லூல் என்ற சவுதி ஆய்வாளர் இதை விரிவாகவே எழுதியிருக்கிறார்.

இன்னொன்று நடந்தது. வசதியான குடும்பங்கள் வடக்கே வில்லாக்களுக்குப் போனதும், பழைய ஊரின் வீடுகள் வாடகைக்கு விடப்பட்டன. அந்த வாடகைக்கு வந்தவர்கள் நாம்தான். தமிழர், மலையாளி, வங்காளி, பிலிப்பினோ, யெமனி. ஒரு ரூமில் எட்டுக் கட்டில். கேரளா மார்க்கெட், கார்கோ கடை, வெள்ளிக்கிழமைக் கூட்டம் என்று நாம் அறிந்த பத்தா அப்படித்தான் பிறந்தது. திட்டத்தில் யாரும் அதை வரையவில்லை. அந்த முதுகெலும்பைக் கட்டிய கைகள் முதுகெலும்பின் அடிமுனையில் தங்கின.

டாக்சியாடிஸ் இதையெல்லாம் பார்க்க இருக்கவில்லை. தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்க வைக்கும் நரம்பு நோய் அவரைப் பிடித்தது. கடைசி வருஷங்களில் பேச்சும் அசைவும் குறைந்த நிலையிலும் புத்தக வேலையை விடவில்லை. 1975 ஜூன் 28-இல் ஏதென்ஸில் இறந்தார். வயது 62.

அவர் திட்டத்தைத் திட்டுபவர்கள் உண்டு. காருக்காகப் போட்ட ஊர், நடக்க முடியாத ஊர் என்பார்கள். 45 டிகிரி வெயிலில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு அது பொய்யாகத் தோன்றாது. ஆனால் திட்டுபவர்களும் அவர் வைத்துவிட்டுப் போன காகிதங்களை வைத்துத்தான் திட்டுகிறார்கள். தன் தப்பைக் கண்டுபிடிக்கத் தேவையான சான்றையும் சேர்த்தே விட்டுப் போனார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது.

இப்போது நம் பக்கம் வருவோம். சவுதியின் வரலாற்றைக் காக்க 1972-இல் தொடங்கிய தாரா ஆவண நிறுவனம் ரியாத்திலேயே இருக்கிறது. வரைபடம் ஏதென்ஸில் இருக்கிறது. பத்தாவில் வாழ்ந்த தமிழனின் காகிதம் எங்கே இருக்கிறது? ஊரில் பரண் மேல், ஒரு பழைய சூட்கேஸில். காலாவதியான இக்காமா, அம்மாவுக்கு எழுதிய கடிதம், கேசட்டில் பேசி அனுப்பிய குரல், கடை பில், ரூம் நண்பர்களோடு மொட்டை மாடியில் எடுத்த போட்டோ. வீடு வெள்ளையடிக்கும்போது அதைத்தான் முதலில் குப்பையில் போடுகிறோம்.

காகிதம் போனால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1981-இல் யாழ்ப்பாணம் நூலகம் எரிந்ததைப் பார்த்த இனம். காப்பாற்றினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் சேர்த்து வைத்த புத்தகங்களும் நோட்டீஸ்களும்தான் இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. அவர் சேர்க்கும்போது பலருக்கு அது பழைய பேப்பராகத்தான் தெரிந்திருக்கும்.

இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது அப்பாவின் பெட்டியைத் திறந்து பாருங்கள். போட்டோவின் பின்னால் யார், எந்தத் தெரு, எந்த வருஷம் என்று அவர் நினைவு இருக்கும்போதே கேட்டு பென்சிலால் எழுதுங்கள். போனில் ஒரு மணி நேரம் அவரைப் பேசவிட்டுப் பதிவு பண்ணுங்கள். முதல் ரூம் எங்கே இருந்தது, வாடகை எவ்வளவு, மழை வந்தால் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று கேளுங்கள். அடுத்தவர் பாஸ்போர்ட், இக்காமா நம்பரை மட்டும் வெளியே போடாதீர்கள்.

ரியாத் எப்படி வரையப்பட்டது என்று சொல்ல ஒரு கிரேக்கரின் பெட்டிகள் போதும். அதில் யார் வாழ்ந்தார்கள் என்று சொல்ல அப்பாவின் அந்த சூட்கேஸ் வேண்டும்.