சமுதாயத்தை ஆராய்ந்த அண்ணல்

வெள்ளிவிழாக் காணும் நமது கல்விச் சங்கத்தின் மலரில் அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கை வரலாறு இடம்பெறுவது முறையே ஆகும். அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவராக விளங்கியவர் அவர் என்பதைக் கரடியூர்ச் சிறுவர்களும் அறிவர். ஆனால், சட்ட மேதை எனப் பெயர் பெறுவதற்கு முன்பே பொருளியலிலும் சமூகவியலிலும் தேர்ந்த ஆராய்ச்சியாளராக அவர் விளங்கினார் என்பதை நம் இளைஞருள் பலர் அறியார். அலுவலகத்திலும் ஆலையிலும், சந்தையிலும் ஊரிலும் மனிதர் ஒருவரோடொருவர் எவ்வாறு நடந்துகொள்கின்றனர், ஏன் அவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்று வினவி விடை காண்பதே அவ்வாராய்ச்சியின் நோக்கம். அந்நோக்கில் அவர் வாழ்வைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரை.

காசு பேசாத இடம்

பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் 14-4-1891 அன்று மத்திய இந்தியாவில் உள்ள மௌ என்னும் படைநகரில் மகர் குலத்தில் பிறந்தார். தந்தை இராம்ஜி படையில் சுபேதாராக இருந்தவர். படைப்பள்ளியில் ஆசிரியராகவும் பணியாற்றியவர். சதாரா நகரப் பள்ளியில் பீமராவ் பிற மாணவரோடு சேர்ந்து அமர முடியவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த சாக்குத் துணியின்மீது தனியே அமர்ந்தார். தண்ணீர்க் குழாயைத் தாமே திறக்கவும் அவருக்கு உரிமை இல்லை. பணியாள் திறந்துவிட்டால் குடிக்கலாம், இல்லையேல் தாகத்தோடு இருக்க வேண்டும்.

1901இல் நடந்த நிகழ்ச்சி ஒன்று அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது. தொலைவில் பணிபுரிந்த தந்தையைக் காண அவரும் அண்ணனும் உறவினர் பிள்ளையுமாகப் புறப்பட்டு மசூர் நிலையத்தில் இறங்கினர். கடிதம் உரிய நேரத்தில் சேராததால் அழைத்துச் செல்ல எவரும் வரவில்லை. நல்ல உடை அணிந்திருந்த சிறுவர்களிடம் முதலில் பரிவு காட்டிய நிலைய அதிகாரி, அவர்கள் இன்ன குலம் என்று அறிந்ததும் விலகி நின்றார். வண்டிக்காரர் எவரும் வர மறுத்தனர். முடிவில் இரட்டைக் கூலிக்கு ஒருவர் இசைந்தார்; ஆனால் சிறுவர்களே வண்டியை ஓட்ட வேண்டும், தாம் உடன் நடந்து வருவதாக ஏற்பாடு. அன்றிரவு அவர்களிடம் உணவு மிகுதியாக இருந்தும் குடிக்கத் தண்ணீர் தருவார் இல்லாமையால் பட்டினியாகவே உறங்கினர்.

வாங்குபவரிடம் பணமும் விற்பவரிடம் பொருளும் இருந்தால் வாணிகம் நடக்கும் என்பது பொருளியலின் தொடக்கப் பாடம். பத்து வயதுகூட நிரம்பாத அச்சிறுவன் கண்டதோ வேறு பாடம். இரட்டைக் கூலியை இழக்கவும் வண்டிக்காரர்கள் துணிந்தனர். சாதி வழக்கத்தை இழக்கத் துணியவில்லை. பிற்காலத்தில் அவர் மேற்கொண்ட ஆராய்ச்சிகளுக்கு வித்து இங்கேயே விழுந்தது எனலாம்.

கடல் கடந்த கல்வி

1907இல் மெட்ரிகுலேஷன் தேறிய அம்பேத்கர், பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவிப் பணத்தால் பம்பாயில் பட்டப் படிப்பை முடித்து, 1913இல் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தை அடைந்தார். பொருளியல் அறிஞர் செலிக்மன், தத்துவ அறிஞர் ஜான் டூயி ஆகியோரிடம் பயின்றார். பொழுதெல்லாம் நூலகத்திலேயே கழித்து 1915இல் முதுகலைப் பட்டம் பெற்றார்.

1916ஆம் ஆண்டு மே மாதம், மானிடவியல் பேராசிரியர் கோல்டன்வைசர் நடத்திய ஆய்வரங்கில், இந்தியச் சாதிகளின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் பற்றி அவர் ஒரு கட்டுரை படித்தார். அப்போது அவருக்கு வயது 25. அதுவரை சாதியைப் பற்றி எழுதியோருட் பலர் அதனை இனம், தொழில், தூய்மை ஆகியவற்றால் விளக்க முயன்றனர். இவரோ ஒரே ஒரு பழக்கத்தின்மீது விரலை வைத்தார். தன் குழுவுக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டும் என்னும் அகமணக் கட்டுப்பாடே சாதியின் உயிர்நிலை என்பது அவர் முடிவு. கணவனை இழந்த பெண்ணை எரித்தலும், மறுமணம் தடுத்தலும், அறியாப் பருவத்தில் மணம் செய்வித்தலும் அக்கட்டுப்பாட்டைக் காக்க எழுந்த வழிகளே என்று காட்டினார். மேலோர் கதவடைத்துக்கொண்டபோது, கீழ்நிலையில் இருந்தோர் அவர்களைப் பார்த்துத் தாமும் கதவடைத்தனர். சிலர் வெளியே தள்ளிக் கதவடைக்கப்பட்டனர். இவ்வாறு பார்த்துச் செய்தலினாலேயே சாதி பரவிற்று என்பது அவர் கருத்து. எவராலோ ஒரு நாளில் இயற்றப்பட்டதாகவும், விதியால் அமைந்ததாகவும் கருதப்பட்ட ஒன்றை, மனிதர் நடத்தையால் விளைந்தது என்று நிறுவியமையே அக்கட்டுரையின் பெருமை. மனிதர் நடத்தையால் விளைந்ததை மனிதர் நடத்தையால் மாற்றவும் இயலும் அன்றோ!

அலுவலகமும் அங்காடியும்

1917இல் தாயகம் திரும்பி, உதவிப் பண ஒப்பந்தப்படி பரோடா அரசில் உயர் பதவி ஏற்றார். ஆனால் அவர் கையில் கோப்பைக் கொடுக்கக் கடைநிலை ஊழியரும் கூசி, மேசைமீது எறிந்தனர். அலுவலகத்தில் அவருக்குக் குடிநீர் கிடைக்கவில்லை. நகரில் தங்க இடமும் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியிருந்தவரைத் தடியேந்திய கூட்டம் சூழ்ந்து வெளியேற்றியது. சில நாட்களுக்குள் பதவியைத் துறந்து பம்பாய் திரும்பினார். பதவி உயர்ந்ததாயினும், அந்நிறுவனத்தில் அவருக்குக் கீழ் இருந்தோர் பார்த்தது பதவியை அன்று, பிறப்பையே.

பின்னர்ப் பங்கு வணிகர்க்கு ஆலோசனை கூறும் அலுவலகம் ஒன்று தொடங்கினார். ஆலோசனை நன்று என்று வந்தவர்கள், ஆலோசகரின் குலம் தெரிந்ததும் வருவதை நிறுத்தினர். அங்காடியிலும் சரக்கின் தரத்தினும் விற்பவனின் சாதியே முந்தி நின்றது. 1918இல் பம்பாய் சிடன்காம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியரானார். அங்கும் ஆசிரியர்க்குரிய பொதுப் பானையிலிருந்து அவர் நீர் அருந்துவதற்கு எதிர்ப்பு எழுந்தது.

அவர் மனம் கசந்து எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. அதே 1918இல் இந்தியாவின் சிறு நிலவுடைமைகளைப் பற்றி ஆய்வுரை எழுதினார். நிலத்துண்டுகளை இணைத்தால் மட்டும் உழவன் வாழ்ந்துவிட மாட்டான். வேறு தொழில் இன்மையால் நிலத்தையே நம்பிக் குவிந்திருக்கும் மக்களுக்கு ஆலைத் தொழில் வேலை தர வேண்டும் என்று அதில் வாதிட்டார். மீண்டும் இலண்டன் சென்று பொருளியல் கல்லூரியில் பயின்று, 1923இல் ரூபாய் நாணயத்தின் சிக்கல் பற்றிய ஆய்வுக்காக டாக்டர் பட்டம் பெற்றார். மாகாண நிதி பற்றிய அவர் நூல் 1925இல் செலிக்மனின் முன்னுரையுடன் வெளிவந்தது.

ஆலையின் கதவு

1924இல் ஒதுக்கப்பட்டோர் நலச் சபையைத் தொடங்கிப் பொதுவாழ்வில் இறங்கிய பின்னரும் ஆராய்ச்சியாளரின் கண் அவரை விட்டு நீங்கவில்லை. பம்பாய்ப் பஞ்சாலைகளில் கூலி மிகுந்த நெசவுப் பகுதியில் தாழ்த்தப்பட்டோர் சேர்க்கப்படவில்லை. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டியிருந்தது. அவர்கள் வாய்பட்ட நாடாவைத் தொட மற்றத் தொழிலாளர் மறுத்தனர். தடை விதித்தோர் முதலாளிகள் மட்டும் அல்லர். உடன் உழைக்கும் தொழிலாளரும் விதித்தனர். 1928ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் இக்குறையை வெளிப்படையாக எழுப்பினார்.

இதிலிருந்து அவர் கண்ட உண்மை பெரிது. சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை. வேலை செய்வோரையே ஒருவர் மேல் ஒருவராக அடுக்கிவைக்கிறது. ஒவ்வொரு படியில் நிற்பவனும் மேலே இருப்பவனால் இகழப்படுகிறான். ஆயினும் தனக்குக் கீழே ஒருவன் இருப்பதை எண்ணி ஆறுதல் கொள்கிறான். ஆகவே ஒடுக்கப்பட்டோர் ஒன்றுபட இயலாது போகிறது. தகுதியும் விருப்பமும் இருந்தும் ஒரு தொழிலிலிருந்து மற்றொன்றுக்குப் போக முடியாமையால் வேலையின்மையும் பெருகுகிறது. இலாகூர் மாநாட்டுக்கென எழுதி, மாநாடு கைவிடப்பட்டதால் 1936இல் தாமே அச்சிட்டு வெளியிட்ட உரையில் இக்கருத்துக்களை விரித்துரைத்தார்.

இரண்டாவது வண்டி

1929இல் பம்பாய் அரசு அமைத்த குழு ஒன்றின் உறுப்பினராக, தாழ்த்தப்பட்டோர் குறைகளை ஊர் ஊராகச் சென்று விசாரித்து வந்தார். அக்டோபர் மாதம் சாலிஸ்காவ் நிலையத்தில் இறங்கியபோது, அவரை ஏற்றிச் செல்லக் குதிரைவண்டிக்காரர் எவரும் இசையவில்லை. தம் தலைவர் நடந்து வருவது தகாது என்று கருதிய நம் மக்கள், வண்டியை மட்டும் வாடகைக்குப் பெற்றுத் தம்முள் ஒருவரை ஓட்டச் செய்தனர். பழக்கம் இல்லாமையால் வண்டி ஒரு சிறு பாலத்தில் மோதியது. அண்ணல் தூக்கி எறியப்பட்டுக் கால் எலும்பு முறிந்தார்.

முதல் வண்டிக்கும் இரண்டாவது வண்டிக்கும் இடையே 28 ஆண்டுகள் கடந்திருந்தன. சிறுவன் பாரிஸ்டராகவும் பேராசிரியராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் உயர்ந்திருந்தான். வண்டிக்காரனின் நடத்தையில் மாற்றம் இல்லை. ஒருவரின் தனி உயர்வு மட்டும் சமுதாயத்தை மாற்றிவிடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ! சட்டமும் தனியே போதாது. பொதுக் குளங்களைத் திறந்துவிடும் தீர்மானம் பம்பாய்ச் சட்டசபையில் 1923இலேயே நிறைவேறியது. எனினும் 1927இல் மகத் நகரின் குளத்தில் அண்ணலும் மக்களும் இறங்கி நீர் பருகியபோது தாக்கப்பட்டனர்.

மலைத் தோட்டங்களைத் தேடிவந்த விசாரணை

1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் தமிழகத்து இரட்டைமலை சீனிவாசனாரோடு அமர்ந்து தாழ்த்தப்பட்டோர்க்காக வாதாடினார் அண்ணல். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தார். அக்காலத்தில், 1944இல் ரேகே என்பவரின் தலைமையில் தொழிலாளர் நிலையை ஆராயும் குழு அமைக்கப்பட்டது. இலட்சக்கணக்கான உழைப்பாளர் என்ன கூலி பெறுகின்றனர், எவ்வகை வீட்டில் வாழ்கின்றனர் என்பது இடந்தோறும் ஆராயப்பட்டது. தேயிலை, காப்பி, இரப்பர்த் தோட்டங்களைப் பற்றிய ரேகேயின் தனி அறிக்கை 1946இல் வெளிவந்தது. குறைந்தபட்சக் கூலி மசோதாவை அதே ஆண்டு ஏப்ரலில் அண்ணலே மத்திய சட்டசபையில் கொண்டுவந்தார். அது 1948இல் சட்டமானபோது காப்பித் தோட்டங்களும் அதன்கீழ் வந்தன. வீடு, குடிநீர், மருத்துவம், குழந்தைக் காப்பகம், பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றை வலியுறுத்திய தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல், ஜகஜீவன்ராம் தொழிலாளர் அமைச்சராக இருந்தபோது நிறைவேறியது.

சேர்வராயன் மலையில் காப்பி பயிராகத் தொடங்கி இரு நூற்றாண்டுகள் ஆகின்றன. மேஸ்திரியின் முன்பணமும் லைன் வீட்டின் புகையும் நம் பாட்டன்மார் அறிந்தவை. அவர்கள் துயரத்தைக் கண்டு இரங்கியோர் சிலர் இருந்திருக்கலாம். ஆனால் இரக்கம் சட்டமாவதற்கு முன், கூலியைக் கேட்டு எழுதவும் குடும்பச் செலவைக் கூட்டிப் பார்க்கவும் யாரேனும் வேண்டியிருந்தது. ஆராய்ச்சியின் பயன் இதுவே.

நமக்கு விட்டுச்சென்ற பணி

அண்ணல் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். 1956 அக்டோபரில் நாகபுரியில் பௌத்தம் தழுவி, அதே ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் தில்லியில் மறைந்தார்.

பிறர் நம்மைப் பற்றி ஆராய்ந்து எழுதிய காலம் நீண்டது. நம்மவர் ஒருவர் ஆராய்பவராக எழுந்து, நம்மைத் தாழ்த்திய அமைப்பையே ஆய்வுப் பொருளாக்கியது அண்ணலிடம் கண்ட புதுமை. அதே கண்ணாடியை நம் முகத்திற்கு நேராகவும் பிடிக்க வேண்டும். நம்முள் உட்பிரிவு பார்த்துப் பெண் கொடுக்க மறுப்போர் இல்லையா? மேலோர் கதவடைத்ததைக் கண்டு, நமக்கும் எளியவர்க்கு நாம் கதவடைத்தது இல்லையா? பிள்ளைகளுள் பெண்ணின் படிப்பே முதலில் நிற்பது ஏன்? இவை வசையாகக் கேட்கப்படும் வினாக்கள் அல்ல. அண்ணல் கற்பித்த முறையில் எழும் வினாக்கள்.

இளைஞர்களே! அண்ணலின் படத்திற்கு மாலையிடுவதோடு ஒரு குறிப்பேட்டையும் கையில் எடுங்கள். நம் ஊரில் எத்தனை பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்தனர், எத்தனை பேர் எந்த வகுப்பில் நின்றனர், ஏன் நின்றனர். பழம் பறிக்கும் காலத்துக் கூலி எவ்வளவு, பறிப்பு இல்லாத காலத்தில் குடும்பம் எதைக்கொண்டு வாழ்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். நமக்கு உவப்பற்ற விடையையும் மறைக்காமல் எழுதுங்கள். அந்தக் குறிப்பேட்டைச் சங்கத்தின் கூட்டத்தில் வைத்து, எந்தப் பிள்ளையை முதலில் பள்ளிக்குத் திருப்பி அழைப்பது என்று முடிவு செய்வோம். அண்ணலுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அங்கிருந்து தொடங்கட்டும்.